1,000 ஜிபி ராம் கொடுத்ததும் விஎம் எழும்ப மறுக்கிறது: 40 பிட் முகவரிக் கணக்கு

#1 இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். கொஞ்சம் கை கொடுங்கள்.

எங்களிடம் இரண்டு சாக்கெட் ஏஎம்டி எபிக் சர்வர் ஒன்று இருக்கிறது. இரண்டாம் தலைமுறை, 2 டிபி ராம். லினக்ஸ், அதன் மேல் விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டும் கேவிஎம், கியூஎமு, அவற்றை நிர்வகிக்கும் லிப்வர்ட் என்று வழக்கமான அடுக்குதான். அதில் ஒரே ஒரு பெரிய விஎம், முழுக்க டேட்டாபேஸுக்கு. இதுவரை 960 ஜிபி கொடுத்திருந்தோம், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மாதக் கடைசி வேலைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார்கள். ராம் சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்து 1,000 ஜிபி ஆக்கினேன். ஏறியது வெறும் 40 ஜிபி.

ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டார்ட் கொடுத்தால் ஒரு வினாடிகூட ஆகவில்லை, விழுந்துவிட்டது. லாகில் இருப்பது ஒரே வரி. "அட்ரஸ் ஸ்பேஸ் லிமிட்" என்று ஒரு எண், அதைவிடப் பெரிதாக இன்னொரு எண், கடைசியில் "பிஸ்-பிட்ஸ் டூ லோ (40)". திரும்ப 960 ஆக்கினேன், உடனே எழுந்தது.

ஹோஸ்டில், அதாவது அசல் சர்வரில், சிபியுஇன்ஃபோ ஃபைலைத் திறந்து பார்த்தேன். "அட்ரஸ் சைஸஸ்" வரியில் ஃபிசிகல் 43 பிட், வர்ச்சுவல் 48 பிட் என்று இருக்கிறது. 43 பிட் என்றால் 8 டிபி. பிறகு 40 எங்கிருந்து வந்தது? அப்படியே 40 என்று வைத்துக்கொண்டாலும் அது 1,024 ஜிபி. நான் கேட்டது 1,000. கணக்கு எங்கே இடிக்கிறது என்று புரியவில்லை.

#2 பழைய_மதர்போர்டு

இரண்டு விவரம் வேண்டும். விஎம்முக்கு சிபியு மாடல் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? மெஷின் டைப் (கியூஎமு விஎம்முக்குக் காட்டும் மதர்போர்டு மாதிரி) கியூ35-ஆ, ஐ440எஃப்எக்ஸ்-ஆ?

#3 இரவுப்பணி

சிபியு மாடல் பெயர் போட்ட மாடல்தான், "எபிக்-ரோம்". ஹோஸ்ட் பாஸ்த்ரூ (அசல் சிபியுவை அப்படியே காட்டுவது) இல்லை. மெஷின் டைப் கியூ35. கியூஎமுவை ஆறு மாதம் முன்பு 8-ஆம் பதிப்புக்கு ஏற்றினோம். கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் இல்லை, ஒரு நெட்வொர்க் கார்டு மட்டும் பாஸ்த்ரூவில், அதாவது நேராக விஎம்முக்கே, போகிறது. மெமரி ஹாட்பிளக் (ஓடும்போதே ராம் சேர்க்கும் வசதி) இல்லை.

#4 பிட்கணக்கு

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. 40 எங்கிருந்து வந்தது என்பது எளிது. 1,000 ஏன் 1,024-க்குள் அடங்கவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் கேள்வி. கெஸ்டுக்கு, அதாவது விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்துக்கு, எத்தனை பிட் முகவரி என்பதை அது சிபியுஐடி (சிபியுவிடம் அதன் விவரம் கேட்கும் கட்டளை) மூலம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தருவது சிப் இல்லை, கியூஎமு. பெயர் போட்ட சிபியு மாடல் கொடுத்து, பிட் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால், கியூஎமு தன் பழைய வழக்கப்படி 40 என்று சொல்லும். உங்கள் சிப்பில் 43 இருக்கிறதா, 46 இருக்கிறதா என்று பார்க்காது. ஹோஸ்ட் பாஸ்த்ரூ கொடுத்திருந்தால் இப்போதைய பதிப்புகள் ஹோஸ்டின் எண்ணையே எடுத்துக்கொள்ளும். சில லினக்ஸ் விநியோகங்கள் இதற்காகத் தனி மெஷின் டைப்பே வைத்திருக்கின்றன. உபுண்டுவில் பெயர் "எச்பிபி" என்று முடியும் மெஷின் டைப்பைப் பார்த்திருப்பீர்கள், "ஹோஸ்ட் ஃபிசிகல் பிட்ஸ்" என்பதன் சுருக்கம் அது.

இரண்டாவது கேள்வி. முகவரி எல்லை என்பது ராமின் அளவு இல்லை. அது மொத்த நிலத்தின் அளவு. லேஅவுட் போடுகிறவர் பத்து ஏக்கர் வாங்கினால் பத்து ஏக்கரையும் மனையாக விற்க முடியாது. சாலைக்கு விட வேண்டும், பூங்காவுக்கு விட வேண்டும், மின்கம்பி போகும் இடத்தில் வீடே கட்டக்கூடாது. அதெல்லாம் போக மிச்சம்தான் மனை. முகவரி வெளியும் அப்படித்தான்.

உங்கள் விஎம்மின் வரைபடத்தைப் போட்டுப் பார்ப்போம். கையில் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். நான் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் போடுவேன், நீளவாக்கில் சரியாக இருக்கும்.

கீழே 0-விலிருந்து தொடங்குங்கள். கியூ35-ல் இவ்வளவு பெரிய விஎம் என்றால் முதல் 2 ஜிபி மட்டும்தான் 4 ஜிபி கோட்டுக்குக் கீழே ராமாக உட்காரும். 2-லிருந்து 4 வரை பழைய 32 பிட் சாதனங்களுக்கான பள்ளம். மீதி ராம் முழுக்க 4 ஜிபிக்கு மேலே. ஆகவே 960 ஜிபி கொடுத்தபோது ராம் முடிந்த இடம் 962. அதற்கு மேல் 64 பிட் பிசிஐ சாதனங்களுக்கு என்று கியூ35 இயல்பாக 32 ஜிபி ஒதுக்கும். அதையும் சேர்த்தால் 994.

இப்போது ஏஎம்டி மின்கம்பி. ஏஎம்டி பிராசசர்களில் 1 டிபி கோட்டுக்குச் சற்றுக் கீழே, 1,012 ஜிபியிலிருந்து 1,024 ஜிபி வரை 12 ஜிபி ஹைப்பர்டிரான்ஸ்போர்ட்டுக்கு (ஏஎம்டி சிப்புகளை இணைக்கும் பாதை) ஒதுக்கப்பட்ட இடம். ஐஓஎம்எம்யு (சாதனங்களின் மெமரி அணுகலைக் கட்டுப்படுத்தும் பகுதி) வழியாகப் போகும் எந்த டிஎம்ஏ (சாதனம் நேராக ராமைத் தொடுவது) முகவரியும் அங்கே விழக்கூடாது. லினக்ஸ் 5.4-லிருந்து விஎஃப்ஐஓ (சாதனத்தை விஎம்முக்குக் கொடுக்கும் கர்னல் பகுதி) அந்த இடத்தில் மேப்பிங் கேட்டால் மறுத்துவிடும். உங்கள் விஎம்மில் நெட்வொர்க் கார்டு பாஸ்த்ரூவில் இருப்பதால் இது உங்களை நேராகத் தொடுகிற விஷயம். இதற்காகவே கியூஎமு 7.1-ல் ஒரு மாற்றம் வந்தது. கெஸ்ட் ஏஎம்டியாக இருந்து, வரைபடத்தின் உச்சி அந்த 1,012-ஐத் தொட்டால், 4 ஜிபிக்கு மேலே இருக்கும் ராம் மொத்தத்தையும் தூக்கி 1 டிபி கோட்டுக்கு மேலே வைத்துவிடும்.

960-ல் உச்சி 994. தொடவில்லை, தப்பித்தீர்கள்.

1,000-ல் ராம் முடியும் இடம் 1,002, அதோடு 32 சேர்ந்தால் 1,034. தொட்டுவிட்டது. உடனே மேலே இருந்த 998 ஜிபி ராம் இடம்பெயர்ந்து 1,024-லிருந்து தொடங்குகிறது. 1,024-ம் 998-ம் 2,022. இன்னொரு 32 சேர்த்தால் 2,054 ஜிபி. நீங்கள் ஏற்றியது 40 ஜிபி, வரைபடத்தின் உச்சி ஏறியது 1,060 ஜிபி. லாகில் இருக்கும் பெரிய எண் இதுதான். 41 பிட்டின் எல்லை 2,048 என்பதால் 41 கொடுத்தாலும் 6 ஜிபி குறைகிறது. உங்களுக்கு 42 பிட் வேண்டும்.

தீர்வு: லிப்வர்ட் எக்ஸ்எம்எல்லில் சிபியு பகுதிக்குள் "மேக்ஸ்ஃபிஸ்அட்ரஸ்" என்ற குறியைச் சேர்த்து, மோடு "பாஸ்த்ரூ" என்று கொடுங்கள். சிபியு மாடலை மாற்ற வேண்டியதில்லை. கெஸ்டுக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் புதிய எண் வராது. முழுக்க ஷட்டவுன் செய்து, திரும்ப ஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

#5 கற்றுக்குட்டி

குறுக்கே வந்து கேட்கிறேன், மன்னிக்கவும். கல்லூரியில் 64 பிட் பிராசசர் என்றால் 16 எக்ஸாபைட் வரை முகவரி கொடுக்கலாம் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இங்கே 40, 43, 48 என்று பேசுகிறீர்கள். மிச்ச பிட் எல்லாம் எங்கே போனது?

#6 பழைய_மதர்போர்டு

தம்பி, நல்ல கேள்வி. மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

64 என்பது ரெஜிஸ்டரின் அகலம். முகவரி ரெஜிஸ்டருக்குள் இருக்கும்போது 64 பிட்டாக இருக்கலாம், ஆனால் அது வெளியே மெமரிக்குப் போகும் பாதையில் ஒவ்வொரு பிட்டுக்கும் விலை இருக்கிறது. கேஷில் ஒவ்வொரு வரிக்கும் முகவரியின் ஒரு பகுதியை டேகாக வைத்திருக்க வேண்டும், முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பியிலும் அப்படியே. 8 டிபிக்கு மேல் ராமே போட முடியாத போர்டுக்கு 64 பிட் டேக் வைத்தால் சிலிக்கான் வீண். அதனால் எக்ஸ்86-64 வடிவமைப்பு ஃபிசிகல் முகவரிக்கு 52 பிட் என்று ஒரு மேல்வரம்பு வைத்தது. அதற்குள் ஒவ்வொரு சிப்பும் தன் வசதிக்கு ஒரு எண் வைத்துக்கொண்டது.

2003-ல் வந்த முதல் ஆப்டெரானில் 40 பிட். 2007-ல் வந்த பார்சிலோனாவில் 48. இன்டெல் டெஸ்க்டாப்களில் வெகுகாலம் 36, பிறகு 39. சியான் சர்வர்களில் 46, ஐஸ் லேக் சர்வரிலிருந்து 52. கியூஎமுவின் அந்த 40-ம் முதல் ஆப்டெரானின் 40-ம் ஒரே எண்தான். அன்றைக்கு 1 டிபி என்பது கற்பனைக்கு எட்டாத அளவு.

வர்ச்சுவல் முகவரி வேறு கணக்கு. பேஜ் டேபிள் (வர்ச்சுவல் முகவரியை ஃபிசிகல் முகவரியாக மாற்றும் அட்டவணை) நான்கு அடுக்கு, அடுக்குக்கு 9 பிட், கடைசியில் 4 கேபி பக்கத்துக்குள் 12 பிட். நாலொன்பது முப்பத்தாறு, பன்னிரண்டு சேர்த்தால் 48. ஐந்தாவது அடுக்கு சேர்த்தால் 57.

விஎம்முக்குள் இந்தத் தேடல் இரண்டு தடவை நடக்கிறது. கெஸ்டின் வர்ச்சுவல் முகவரி கெஸ்டின் டேபிள் வழியாக கெஸ்ட் ஃபிசிகல் ஆகிறது. அந்த கெஸ்ட் ஃபிசிகல் ஹோஸ்டின் இன்னொரு டேபிள் வழியாகத்தான் உண்மையான ராமைத் தொடுகிறது. கெஸ்டின் ஒவ்வொரு அடுக்கையும் படிக்கவே ஹோஸ்டின் நான்கு அடுக்கையும் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் நான்கு அடுக்கு என்றால், டிஎல்பியில் கிடைக்காத ஒரு முகவரிக்கு 24 தடவை மெமரியைப் படிக்க வேண்டி வரலாம். ஹியூஜ் பேஜ் (4 கேபியைவிடப் பெரிய பக்கம்) போடச் சொல்லி நாங்கள் எல்லோரிடமும் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

சின்ன வயதில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியில் 4 ஜிபி ராம் போட்டுவிட்டு 3.25 ஜிபி மட்டும் தெரிகிறதே என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். #4-ல் சொன்ன அதே மனைக்கணக்குதான் அது. ராம் கெட்டுப்போகவில்லை. கிராஃபிக்ஸ் கார்டும் மற்றச் சாதனங்களும் 4 ஜிபிக்குள் இடம் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

#7 டெர்மினல்வாசி

இரவுப்பணி, இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மெஷின் டைப்பை ஐ440எஃப்எக்ஸ் ஆக்கிப் பாருங்கள். என்னிடம் இதே போல ஒரு விஎம், 1,000 ஜிபி, எபிக் ஹோஸ்ட், அதில் 40 பிட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்எம்எல்லில் புதுக் குறி எதுவும் சேர்க்கவில்லை.

#8 பிட்கணக்கு

ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஏன் ஓடுகிறது என்று பார்த்தால் அதை நான் ஏன் பரிந்துரைக்க மாட்டேன் என்பதும் தெரியும். ஐ440எஃப்எக்ஸ்-ல் 4 ஜிபிக்குக் கீழே 3 ஜிபி ராம் உட்காரும். 64 பிட் பிசிஐக்கு இயல்பாக 2 ஜிபிதான் ஒதுக்கும். 1,000 ஜிபி ராம் முடியும் இடம் 1,001, உச்சி 1,003. மின்கம்பிக்கு 9 ஜிபி கீழே நிற்கிறீர்கள்.

அடுத்த மாதம் இன்னொரு 16 ஜிபி கேட்டால் இதே சுவர். நடுவில் பெரிய பிஏஆர் (கார்டு கேட்கும் முகவரி இடம்) உள்ள ஒரு கார்டைச் சேர்த்தாலும் சிக்கல்தான். அதோடு இவருடையது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கியூ35 விஎம். மெஷின் டைப்பை மாற்றினால் கெஸ்டுக்குள் பிசிஐ முகவரிகள் மாறும், நெட்வொர்க் கார்டின் பெயர் மாறும், டேட்டாபேஸ் சர்வர் நெட்வொர்க்கே இல்லாமல் எழுந்து நிற்கும். ஒரு வரி சேர்க்கத் தயங்கி இவ்வளவையும் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

#9 டெர்மினல்வாசி

9 ஜிபிதான் மிச்சம் என்பது எனக்குத் தெரியாது. நெட்வொர்க் கார்டின் பெயர் விஷயத்தை நானும் யோசிக்கவில்லை, என்னுடையது புதிதாக நிறுவிய விஎம். இந்த வார இறுதியில் நானும் மாற்றிவிடுகிறேன். நன்றி.

#10 ஜன்னலோரம்

என் பிரச்சினை இதற்கு நேர் எதிர். அதனால்தான் இந்த இழையிலேயே கேட்கிறேன். வீட்டு டெஸ்க்டாப், இன்டெல் 12-ஆம் தலைமுறை. கிராஃபிக்ஸ் கார்டை விண்டோஸ் விஎம்முக்குக் கொடுத்திருக்கிறேன். திரையை ஹோஸ்டில் பார்க்க ஐவிஷ்மெம் என்ற பகிர்வு மெமரி சாதனம் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். விஎம்முக்கு 32 ஜிபிதான் ராம், சிபியு ஹோஸ்ட் பாஸ்த்ரூ. ஹோஸ்டில் 46 பிட் தெரிகிறது, கெஸ்டிலும் 46. ஒன்றும் குறைவில்லை என்றுதான் நினைத்தேன். ஃபர்ம்வேரைப் புதுப்பித்த நாளிலிருந்து விஎஃப்ஐஓ டிஎம்ஏ மேப் "இன்வேலிட் ஆர்கியுமென்ட்" என்று சொல்லி நிற்கிறது. அதில் வரும் முகவரியைக் கணக்குப் போட்டால் 56 டிபி! 32 ஜிபி விஎம்முக்கு 56 டிபியில் என்ன வேலை?

#11 பிட்கணக்கு

அந்த 56 டிபியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 46 பிட் என்றால் 64 டிபி. ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் (விஎம்மின் பயோஸ் மாதிரி) முன்பெல்லாம் கெஸ்ட் சொல்லும் பிட் எண்ணிக்கையை நம்பாது, ராமுக்கு மேலேயே சின்னதாக ஒரு இடம் பார்த்து பிசிஐ சாதனங்களை வைக்கும். புதிய பதிப்புகள் அந்த எண்ணை நம்பத் தொடங்கின. நம்பத் தகுந்த எண்ணாக இருந்தால் முகவரி வெளியின் உச்சியில் எட்டில் ஒரு பங்கை சாதனங்களுக்கு ஒதுக்குகின்றன. 64 டிபியில் எட்டில் ஒன்று 8 டிபி, மீதி 56. உங்கள் ஐவிஷ்மெம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

சிபியு அதை மறுக்கவில்லை. மறுப்பது ஐஓஎம்எம்யு. ஹோஸ்டில் டிமெசேஜ் (கர்னல் லாக்) எடுத்து "டிமார்" என்று தேடுங்கள். "ஹோஸ்ட் அட்ரஸ் விட்த்" என்ற வரியில் என்ன எண் இருக்கிறது?

#12 ஜன்னலோரம்

39!

#13 பிட்கணக்கு

அதேதான். சிபியுவுக்கு 46, ஐஓஎம்எம்யுவுக்கு 39. அதாவது சாதனங்களின் டிஎம்ஏ 512 ஜிபி வரைக்கும்தான் எட்டும். சிபியுவின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடுவது எல்லோருக்கும் நடக்கிறது. இரண்டு எண்ணையும் பார்க்க வேண்டும், இரண்டில் சின்னது எதுவோ அதுதான் உங்கள் நிலம்.

அதே மேக்ஸ்ஃபிஸ்அட்ரஸ் குறியில் பாஸ்த்ரூவோடு "லிமிட்" 39 என்று கொடுங்கள். லிப்வர்ட் இல்லாமல் கியூஎமுவை நேராக ஓட்டினால் "ஹோஸ்ட்-பிஸ்-பிட்ஸ்-லிமிட்" என்ற சிபியு பண்பு. 39 பிட்டில் எட்டில் ஒரு பங்கு 64 ஜிபி. உங்கள் கார்டின் பிஏஆர் 32 ஜிபியாக இருந்தாலும் தாராளமாக அடங்கும்.

#14 ஜன்னலோரம்

லிமிட் 39 கொடுத்தேன், முதல் தடவையே எழுந்துவிட்டது. மூன்று வாரமாக ஃபர்ம்வேரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி அண்ணா.

#15 சேமிப்பறை

நானும் அதே "டூ லோ (40)" வரியைப் பார்த்தேன். ஆனால் என் விஎம்முக்கு ராம் வெறும் 64 ஜிபி. இன்டெல் ஹோஸ்ட், ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் எல்லாம் இல்லை. எனக்கு ஏன்?

#16 பழைய_மதர்போர்டு

மெமரி ஹாட்பிளக்குக்கு மேக்ஸ் மெமரி எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

#17 சேமிப்பறை

2 டிபி, 16 ஸ்லாட். பிற்காலத்தில் தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று போட்டு வைத்தது.

#18 பழைய_மதர்போர்டு

அந்த "இருக்கட்டும்"தான் காரணம். பின்னால் சேர்க்கப்போகும் ராமுக்கு இன்றைக்கே முகவரியில் இடம் பிடித்து வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டில் நடுவில் புகுத்த முடியாது. 64 ஜிபி முடியும் இடம் 66. அதற்கு மேல் மீதி 1,984 ஜிபிக்கு இடம். அதோடு ஸ்லாட் ஒன்றுக்கு 1 ஜிபி வீதம் சீரமைப்புக்காக 16 ஜிபி. அதற்கு மேல் பிசிஐ 32 ஜிபி. கூட்டினால் 2,098. உங்களுக்கும் 42 பிட் வேண்டும். 2 டிபி உண்மையில் வராது என்றால் மேக்ஸ் மெமரியை 512 ஜிபியாகக் குறையுங்கள், 40-லேயே ஓடும்.

#19 மாடலோட்டி

மெஷின் லேர்னிங் ஆட்கள் கவனத்துக்கு ஒன்று. எட்டு எச்100 கார்டுகளை ஒரே விஎம்முக்குக் கொடுக்கும் திட்டம் இருப்பவர்கள் ராமைக் கணக்கிடும் முன்பே இதைப் போட்டுப் பாருங்கள். கார்டில் மெமரி 80 ஜிபி. ஆனால் பிஏஆர் அளவு இரண்டின் அடுக்காகத்தான் இருக்க முடியும் என்பதால் 128 ஜிபி கேட்கிறது. எட்டு கார்டு, எட்டு தடவை 128, மொத்தம் 1,024 ஜிபி. 40 பிட் முகவரி வெளி கார்டுகளுக்கே சரியாகப் போய்விடும். விஎம்முக்கு ஒரு பைட் ராம் வைக்கக்கூட இடம் இருக்காது.

முதல் தடவை நான் செய்தபோது கார்டுகள் எட்டும் எல்எஸ்பிசிஐ பட்டியலில் வந்தன, ஆனால் டிரைவர் ஏறவில்லை. கெஸ்டின் டிமெசேஜில் ஒவ்வொரு கார்டுக்கும் நேராக "பிஏஆர்: கான்ட் அசைன், நோ ஸ்பேஸ்" என்று எழுதியிருந்தது. அதை டிரைவர் கோளாறு என்று நினைத்து ஒரு பகல் முழுக்க டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். அந்த வரியைப் பார்த்தால் டிரைவரைத் தொடாதீர்கள். முதலில் கெஸ்டுக்குள் அட்ரஸ் சைஸஸ் வரியைப் பாருங்கள்.

#20 கற்றுக்குட்டி

அப்படியென்றால் எல்லா விஎம்முக்கும் ஹோஸ்டின் எண்ணையே கொடுத்துவிடலாமே? கியூஎமு ஏன் இன்னும் 40-ஐ இயல்பாக வைத்திருக்கிறது?

#21 பிட்கணக்கு

லைவ் மைக்ரேஷன். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை 46 பிட் ஹோஸ்டிலிருந்து 39 பிட் ஹோஸ்டுக்கு நகர்த்தினால், கெஸ்ட் ஏற்கெனவே 56 டிபியில் வைத்த சாதனத்தைப் புதிய ஹோஸ்ட் எங்கே வைக்கும்? எண் எல்லா ஹோஸ்டிலும் ஒன்றாக இருந்தால் இந்தக் கேள்வி எழாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக 40 என்ற ஒரே எண்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரே ஹோஸ்டில் நிலையாக இருக்கும் விஎம்முக்கு பாஸ்த்ரூ. கிளஸ்டருக்குள் நகரும் விஎம்முக்கு மோடு "எமுலேட்" கொடுத்து, கிளஸ்டரில் இருக்கும் ஹோஸ்டுகளில் எது குறைவோ அந்த எண்ணை நானே எழுதிவிடுவேன். புது ஹோஸ்ட் வாங்கும்போது அந்த எண்ணை விடக் குறைவாக வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஹோஸ்டைவிடக் குறைவான எண் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கெஸ்ட் தன் எல்லைக்கு மேலே உள்ள பிட்டைத் தவறாக எழுதினால் அசல் வன்பொருள் உடனே பிழை காட்ட வேண்டும். ஆனால் இங்கே சிப் சரிபார்ப்பது தன்னுடைய எல்லையை, கெஸ்டுக்குச் சொன்ன எல்லையை இல்லை. சாதாரண லினக்ஸ், விண்டோஸ் கெஸ்ட் இதில் தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. ஹைப்பர்வைசர் சோதனை எழுதுகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

#22 இரவுப்பணி

நேற்று இரவு பராமரிப்பு நேரம் கிடைத்தது. 12:20-க்கு ஷட்டவுன். எக்ஸ்எம்எல்லில் அந்த ஒரு குறி சேர்த்தேன். ராமை 1,000 ஆக்கி ஸ்டார்ட் கொடுத்தேன். லாகில் ஒரு வரியும் இல்லை. கன்சோலில் ஃபர்ம்வேர் திரை வரும்வரை மூச்சே விடவில்லை. 1,000 ஜிபியையும் ஒதுக்கி முடிக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அப்புறம் லாகின் வந்தது. டேட்டாபேஸ் எழுந்தது. நெட்வொர்க் கார்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

கெஸ்டுக்குள் ஐஓமெம் ஃபைலைத் திறந்து பார்த்தேன். பிட்கணக்கு போட்ட வரைபடம் அப்படியே இருக்கிறது. "சிஸ்டம் ராம்" 2 ஜிபி வரை வருகிறது, நடுவில் பெரிய வெற்றிடம், திரும்ப சரியாக 1 டிபி கோட்டில் "சிஸ்டம் ராம்" தொடங்குகிறது. பேப்பரில் போட்ட கோட்டை மெஷினில் பார்க்கும்போது அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனால் ஒரு குழப்பம். ஹோஸ்டில் 43 என்று காட்டுகிறது. பாஸ்த்ரூ கொடுத்த கெஸ்டில் 48 என்று காட்டுகிறது. ஹோஸ்டைவிட கெஸ்டுக்கு அதிகமாக எப்படி வரும்? இது ஆபத்தா?

#23 பழைய_மதர்போர்டு

ஆபத்து இல்லை. உங்கள் சிப்பின் உண்மையான எண் 48-தான். பயோஸில் மெமரி என்கிரிப்ஷன் வசதி இயக்கப்பட்டிருக்கும். அது இயங்கினால், ஹோஸ்டின் பேஜ் டேபிளில் முகவரிக்கான மேல் பிட்டுகளில் ஒன்று "இந்தப் பக்கம் குறியாக்கப்பட்டது" என்ற அடையாளமாகிவிடும். இந்தத் தலைமுறை எபிக்கில் அது 47-ஆம் பிட். அதற்காக ஹோஸ்டின் ஃபிசிகல் முகவரியில் 5 பிட் குறையும். லினக்ஸ் கர்னல் அந்த 5-ஐக் கழித்து உங்களுக்கு 43 என்று காட்டுகிறது.

கெஸ்டின் முகவரி நேராக ராமுக்குப் போவதில்லை. இரண்டாவது டேபிள் வழியாகத்தான் போகிறது என்று #6-ல் எழுதியிருந்தேன். பிட் குறைவது அந்த டேபிளின் வெளிப்பக்கத்தில், அதாவது ஹோஸ்டின் உண்மை முகவரியில். உள்ளே வரும் கெஸ்ட் முகவரிக்கு அந்தக் குறைப்பு பொருந்தாது. ஆகவே கெஸ்ட் 48 பிட்டில் எங்கே வேண்டுமானாலும் வரைபடம் போட்டுக்கொள்ளலாம். அது கடைசியில் வந்து உட்காருவது உங்கள் 2 டிபி ராமில்தான்.

#24 இரவுப்பணி

பயோஸைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன வசதி இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்கச் சொல்லி மட்டுறுத்துநரிடம் கேட்டிருக்கிறேன். பிட்கணக்கு, அந்த நாள்காட்டித் தாளை நானும் ஒன்று கிழித்து வரைந்து சர்வர் ரேக்கின் கதவு உட்புறத்தில் ஒட்டிவிட்டேன். அடுத்த ஷிஃப்ட்காரர் ராமைக் கூட்டும் முன் 1,012-ஐப் பார்க்கட்டும்.